உப்புக்காற்றுக்கு எந்தச் சைக்கிள்?

என் தங்கச்சி மகள் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் வீடு. பள்ளிக்கூடம் போக வர ஒன்பது கிலோமீட்டர் ஆகும். பஸ் உண்டு, ஆனால் காலையில் ராமேஸ்வரத்திலிருந்து வரும்போதே படியில் கால் வைக்க இடமிருக்காது. அதனால் சைக்கிள் என்று முடிவாகி, மருமகள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். மதுரையில் உள்ள ஒரு பெரிய தள்ளுபடிக் கடையின் விளம்பரம் அது. 21 கியர், முன்னாலும் பின்னாலும் ஷாக், டிஸ்க் பிரேக். பத்தாயிரத்துச் சொச்சம் என்று போட்டு அதைக் குறுக்கே அடித்து, கீழே கொட்டை எழுத்தில் 5,999.

அவள் அம்மாவின் கணக்கு வேறு. "பதினொண்ணாப்பு போனா கவர்மெண்டே சைக்கிள் குடுக்கப் போகுது. ரெண்டு வருசத்துக்கு எதுக்குண்ணே பெருசா செலவழிக்கணும்? இருக்கறதுலயே விலை கொறஞ்சதா எடுத்துருவோம்."

சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைக்குச் சைக்கிள் வாங்குகிற எந்த வீட்டிலும் இந்த இரண்டு வருடக் கணக்கு ஓடும். நானும் அதைப் போட்டவன்தான். நாலு வருடம் முன்பு என் மகனுக்கு இப்படித்தான் ஒன்று வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டேன். மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அந்தப் பழக்கத்தில் வீட்டுச் செலவையும் நோட்டில் ஏற்றிவிடுவேன். ஆகவே அந்தச் சைக்கிளின் பிறப்பு இறப்பு இரண்டும் என்னிடம் எழுத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனேன்.

நோட்டின் முதல் வரி: சைக்கிள் 6,499. இரண்டாவது வரி: மதுரையிலிருந்து பஸ்ஸில் லக்கேஜ் 150. மூன்றாவது வரி மறுநாளே வந்துவிட்டது: சைக்கிள் கடையில் முடுக்கியது 300.

பெரிய கடையில் சைக்கிளும் ஒரு சரக்கு, அவ்வளவுதான். காலையில் பிளாஸ்டிக் வாளி அடுக்கிய பையனே மத்தியானம் பெட்டியைப் பிரித்துச் சைக்கிளைப் பூட்டுவான். ஆன்லைனில் வாங்கினால் அந்தப் பையனும் இல்லை. 85 சதவீதம் பூட்டியது என்று எழுதி அனுப்புவார்கள். மீதி 15 சதவீதம் என்பது ஹேண்டில் பார், முன்சக்கரம், பெடல், பிரேக். அதாவது எது கழன்றால் பல் உடையுமோ அது.

என் மகனுடைய சைக்கிளில் கழன்றது இடது பெடல். வாங்கிய பத்தொன்பதாம் நாள், வேதாளை பக்கம், மிதித்துக்கொண்டிருக்கும்போதே பெடல் ரோட்டில் கிடந்தது. முழங்காலில் தோல் போனதோடு தப்பித்தான். உச்சிப்புளியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார். "பெடல்ல எல், ஆர்னு அடிச்சிருக்கும் பாருங்க. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். அதைப் பாக்காம வலப்பக்கமா முறுக்கி, ஏறலைன்னதும் பலமா முறுக்கி ஏத்தியிருக்காங்க. பெடல் மாட்டுற கை இருக்குல்ல, அந்தக் கிராங்க்ல மரை பூராவும் தின்னுபோச்சு." முதல் நாள் எல்லாவற்றையும் முடுக்கியபோது இதைக் கவனிக்கவில்லையே என்று அவருக்கே வருத்தம். கிராங்கும் பெடலும் மாற்ற 450. நாலாவது வரி.

அடுத்து ஷாக். இந்த விலையில் வரும் ஷாக்கில் இருப்பது வெறும் ஸ்பிரிங். குதித்ததை அடக்குகிற எண்ணெயோ காற்றோ உள்ளே கிடையாது. பள்ளத்தில் இறங்கினால் ஒரு குதி, அப்புறம் தானாக இரண்டு குதி. மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும். நம் பக்கம் தரை சப்பட்டை. மேடு என்று சொல்ல இருப்பது பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடுமுதுகு மட்டும்தான், அதற்குக் கீழே படகு போகவேண்டும் என்பதற்காக உயர்த்தியது. இங்கே முன்னும் பின்னும் ஷாக் வைத்த சைக்கிள் என்பது பாரம் சுமக்க ஆசைப்பட்டு வாங்குவது. அந்தப் பாரத்துக்கும் காசு கொடுத்திருக்கிறோம். அந்தக் காசு எங்கிருந்து குறைந்தது என்று பார்த்தால் சக்கரத்தின் நடு அச்சில் உருளும் பால்ரஸ், அதைப் பிடிக்கும் கோன், ஸ்போக்ஸ், டயர் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களிலிருந்து.

இதெல்லாம் ஊர் உலகத்துக்குப் பொதுவான குறை. சில ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் சைக்கிள் மெக்கானிக்குகள் சேர்ந்து, பழுதுபார்க்கவே முடியாதபடி செய்து விற்கும் மலிவுச் சைக்கிள்களை நிறுத்துங்கள் என்று கையெழுத்து வாங்கினார்கள். அங்கேயும் பெரிய தள்ளுபடிக் கடைகளைப் பற்றிய புகார்தான். நமக்கு அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. உப்பு.

உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது சமையல்கட்டு உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகக் கசிந்து நீராகும். கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் அந்த அளவைத் தாண்டிவிடும். பகலில் சைக்கிள் மேல் படிந்த உப்புத்தூள் ராத்திரியில் நனைந்து, காலையில் காய்ந்து, மறுபடி ராத்திரி நனைகிறது. மழையில் விடவில்லை, தண்ணீர் படவில்லை, வராண்டாவில்தான் நிறுத்தினோம், ஆனாலும் துரு பிடித்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பாம்பனை உலகத்திலேயே அரிப்பு மிகுந்த இடங்களில் ஒன்று என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் காலமெல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். 5,999 ரூபாய் சைக்கிளுக்குக் கிடைப்பது ஒரு கை பெயின்ட், அதன் மேல் மின்னல் படம் போட்ட ஸ்டிக்கர்.

துரு எங்கே தொடங்கும் என்று என் நோட்டு சொல்கிறது. முதலில் பிரேக் ஒயர். வெளி உறைக்குள் ஒயர் துருப்பிடித்து இறுகும், பிரேக் பிடித்தால் திரும்பி வராது. ஒரு வருடத்தில் இரண்டு முறை மாற்றியது 220. டிஸ்க்கோ ஒரு வாரம் ஓட்டாமல் விட்டால் ஆரஞ்சு நிறமாகிவிடும். பிரேக் பிடித்ததும் அந்தத் துரு தேய்ந்து போகும் என்பது உண்மை, ஆனால் அதன் கட்டை தேய்ந்தால் அதே மாதிரி கட்டை உள்ளூரில் கிடைக்காது. பிறகு பின்னால் தொங்கும் கியர் மாற்றி. அதில் இரண்டு குட்டிப் பல்சக்கரம், ஒரு ஸ்பிரிங், நாலைந்து ஆணி. உப்பும் மணலும் சேர்ந்தால் அந்த ஸ்பிரிங் எவ்வளவு நாள் தாங்கும்? பள்ளிக்கூட ஸ்டாண்டில் யாரோ தள்ளிவிட, சைக்கிள் வலப்பக்கம் விழுந்து கியர் மாற்றி உள்ளே வளைந்துவிட்டது. அது தெரியாமல் மிதித்ததில் ஸ்போக்ஸுக்குள் மாட்டிச் செயினும் அறுந்தது. 750.

பதினாலாம் மாதம் பின் ஷாக்கைப் பிடித்திருந்த ஆணி துருவில் தேய்ந்து முறிந்தது. உச்சிப்புளி அண்ணன் சைக்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஆணி இந்தச் சைக்கிளுக்கு மட்டும்தான். லேத்துல குடுத்து செய்யலாம். ஆனா இதை நேராக்குறதுக்குள்ள அடுத்தது போகும்ணே. பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருங்க." போட்டேன். 17 கிலோ, கிலோ 25 ரூபாய். 425 திரும்பி வந்தது. மொத்தச் செலவு 8,369. பழைய இரும்புக் காசைக் கழித்தால் 7,944. பதினாலு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 567 ரூபாய்.

தங்கச்சி நோட்டை வாங்கி இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

ஒன்று நேர்மையாகச் சொல்லவேண்டும். பரமக்குடியில் என் சகலை இதே மாதிரி ஒரு சைக்கிளை மூன்று வருடம் ஓட்டிவிட்டான். கடலிலிருந்து தள்ளிய ஊர், வீட்டிலேயே பானா, திருப்புளி வைத்துக்கொண்டு நோண்டுகிறவன். அவனுக்கு அது நஷ்டமில்லை. உங்களுக்கும் அப்படி இருந்தால் வாங்கலாம், ஆனால் கடையை விட்டு வெளியே வருமுன் சிலதைப் பாருங்கள். முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டில் பாரைத் திருகிப் பாருங்கள், தனியாகத் திரும்பினால் முடுக்கவில்லை என்று அர்த்தம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டினால் கழுத்தில் டக் டக் என்று சத்தம் வரக்கூடாது. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ரிம் இடம் வலம் ஆடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். பெடலில் எல், ஆர் சரிதானா என்று பாருங்கள். அப்புறம் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். அலாய், அதாவது அலுமினிய ரிம் என்று எழுதியிருக்கும் ரிம்மில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு.

அடுத்த வழி, பெயர் பெற்ற கம்பெனியின் கியர் சைக்கிளை அதன் டீலரிடமே வாங்குவது. நாங்கள் விசாரித்தவரை 13,000க்கு மேல். உண்மையான அலாய் ரிம், கடையிலேயே பூட்டித் தருவார்கள், முதல் சர்வீஸும் உண்டு. நல்ல பொருள்தான். ஆனால் கியர் மாற்றியும் ஒயரும் இதிலும் இருக்கின்றன, உப்பு பிராண்டு பார்க்காது. அலுமினியத்தில் செந்துருவுக்குப் பதில் வெள்ளையாகப் பூக்கும், இரும்புச் சட்டத்துக்குள் நுழையும் அலுமினிய சீட் கம்பி கிரீஸ் இல்லாமல் இருந்தால் பிடித்துக்கொண்டு வரவே வராது. வாராவாரம் துடைத்து எண்ணெய் போடுகிற ஆளுக்கு இது சரி. பதினாலு வயதுப் பிள்ளையை நம்பி 13,000 போட எங்களுக்குத் துணிவில்லை. பேட்டரி சைக்கிள் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மூன்றாவது, பழைய காலத்துக் கருப்புச் சைக்கிள். இதைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடற்கரையில் மீன் கொண்டு விற்பவர்கள் எதில் போகிறார்கள் என்று பாருங்கள். இப்போது பாதிப் பேர் மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டார்கள். மிச்சமுள்ளவர்களிடம் இருப்பது 28 அங்குல இரும்புச் சைக்கிள். பின்னால் கனத்த கேரியர், அதன் மேல் மீன் பெட்டி. பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் நாள் முழுக்கப் பின்சக்கரத்தில் சொட்டும். இதைவிடக் கொடுமையான சோதனை எந்தத் தொழிற்சாலையிலும் இருக்காது. அப்படியும் அது பத்து வருடம் ஓடுகிறது. துருப்பிடிக்காமல் இல்லை, நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் பிடிக்கிற ஒவ்வொரு சாமானும் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியது, எல்லா ஊர் சைக்கிள் கடையிலும் தொங்குவது. பிரேக்குக்கு ஒயரே இல்லை, கம்பிதான். அது உறைக்குள் இறுகிப்போக வழியில்லை. செயின் முழுவதும் கவருக்குள் இருப்பதால் மணல் ஏறாது. சிலர் படகு இன்ஜினில் வடித்த கழிவு ஆயிலைத் துணியில் தொட்டுச் சட்டம் முழுக்கத் தடவிவிடுவார்கள். பார்க்க அசிங்கம், கை வைத்தால் கருப்பாகும், ஆனால் உப்புக்கும் இரும்புக்கும் நடுவில் அதைவிட மலிவான திரை கிடையாது. நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். குடம் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற ஊரில் சைக்கிளைக் குளிப்பாட்ட முடியுமா?

ஹீரோ, அட்லஸ், ஹெர்குலிஸ் எதுவானாலும் இந்த வகையில் சாமான்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3ஆம் தேதி மூடப்பட்டது, அன்றைக்கு உலக சைக்கிள் தினம் என்பதால் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. அதனால் இங்கே ஓடிக்கொண்டிருந்த அட்லஸ் எதுவும் நின்றுவிடவில்லை. தள்ளுபடிக் கடைச் சைக்கிளின் பெயர் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒன்றாக மாறும், சாமான் கேட்டால் அந்த மாடல் இப்போது வருவதில்லை என்பார்கள்.

டயரில் ஒரு வேடிக்கை உண்டு. புதுச் சைக்கிளில் 29 என்று போட்டிருந்தால் 28ஐ விடப் பெரியது என்று நினைப்போம். 28 அங்குலக் கருப்புச் சைக்கிளின் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், 29இல் 622. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. சீமைக்கருவேல முள் இருக்கிறவரை ராமநாதபுரம் ஜில்லாவில் பஞ்சருக்குப் பஞ்சமில்லை. 28க்கும் 26க்கும் டியூப் ரோட்டோரக் கடையிலேயே கிடைக்கும். 29க்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

இவ்வளவு சொன்னாலும் இது என் மருமகளுக்கு ஆகாது. உயரம் ஆகாது, பாரம் ஆகாது. மழையில் இரும்பு ரிம்மில் கம்பி பிரேக் வழுக்கும், நனைந்தால் முன்கூட்டியே பிடித்துப் பழகவேண்டும். கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் கோட்டர் பின் அவ்வப்போது தளர்ந்து கடகடக்கும். இதெல்லாம் பெரியவர்களுக்குப் பழக்கம். அப்புறம் மீன்காரர் சைக்கிள் என்று வகுப்பில் கேலி செய்வார்கள் என்றாள். அதுவும் ஒரு காரணம்தான். ஓட்டப்போவது அவள்.

பழைய சைக்கிளும் பார்த்தோம். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளை விற்றுவிடுவது உண்டு. 1,500 முதல் 2,500 வரை சொன்னார்கள். அதே எளிய வகைதான், சாமான் கிடைக்கும். புதிதாகக் கையில் வந்ததும் ஒருமுறை கடையில் விட்டு நட்டெல்லாம் முடுக்கிய சைக்கிள் என்றால் நம்பி வாங்கலாம். நான் போய்ப் பார்த்த மூன்றில் இரண்டு, சீட் கம்பியை உருவிப் பார்த்ததும் உள்ளே துருத்தூள் கொட்டியது. வெளியே பெயின்ட் பளபளப்பாகத்தான் இருந்தது. குழாயின் உள்பக்கம் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. பழையது வாங்குகிறவர்கள் மற்றதைப் பார்க்காவிட்டாலும் சீட் கம்பியை உருவிப் பாருங்கள். சட்டத்தைத் தட்டினால் மணிபோல் கேட்கவேண்டும், தகரம்போல் கேட்டால் விட்டுவிட்டு வாருங்கள். மூன்றாவது நன்றாக இருந்தது. வாங்கி ஓவராயிலிங் செய்தால் 3,500க்குள் முடியும். ஓவர்ஹாலிங் என்பதை ஓவராயிலிங் ஆக்கிய நம் ஆட்கள் விஷயம் தெரிந்தவர்கள், இந்த ஊரில் சைக்கிளுக்கு எண்ணெய் எவ்வளவு போட்டாலும் மிகையில்லை. பணம் நெருக்கடி என்றால் என் ஓட்டு இதற்குத்தான். நாங்கள் அட்வான்ஸ் கொடுக்கப் போனபோது வேறொருவர் வாங்கிப் போயிருந்தார்.

கடைசியாக புதுச் சைக்கிளே வாங்கலாம் என்று ராமநாதபுரத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். கியர் இல்லாத, ஷாக் இல்லாத, முன்னால் கூடை வைத்த 26 அங்குல லேடீஸ் சைக்கிள், 6,200. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் அதைப் பார்த்து வாங்கிக்கொண்டோம். விளம்பரத்தில் வந்ததைவிட 201 ரூபாய் அதிகம். தங்கச்சி முகம் சுருங்கியது. ஆனால் கடைக்காரர் எங்கள் கண் முன்னாலேயே பெட்டியைப் பிரித்தார், பால்ரஸில் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டுப் புது கிரீஸ் வைத்தார், இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்தார், இடது பெடலை இடப்பக்கமாகக் கையாலேயே முறுக்கி ஏற்றிவிட்டு அப்புறம்தான் பானாவை எடுத்தார். அதற்குத் தனிக் கூலி கேட்கவில்லை. இதில் பிரேக்குக்கு ஒயர் உண்டுதான். வருடம் ஒருமுறை மாற்றவேண்டி வரும், அது தங்கச்சிமடத்திலேயே முடிகிற வேலை. நான் சொன்னதன் பேரில் சீட் குழாய்க்குள் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி, சைக்கிளைச் சாய்த்துச் சாய்த்துச் சுற்றவும் விட்டார். கொஞ்சம் சிரித்துக்கொண்டே செய்தார்.

இரண்டு வருடம் கழித்து அரசாங்கச் சைக்கிள் வந்ததும் இதைத் தங்கச்சி எடுத்துக்கொள்வாள். கருவாடு வாங்கப் பாம்பனுக்கு ஆட்டோவில் போய்வருகிறாள். பின் கேரியரை இப்போதே கனத்த கம்பியில் போடச் சொல்லிவிட்டாள்.

மருமகள் கியரை மறந்துவிட்டாள் என்று சொல்லமாட்டேன். கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எதிரே அடிக்கிற நாட்களில் சாயங்காலம் போன் வருகிறது.

"மாமா, கியர் இருந்தா மிதிக்கலாம்ல?"

மிதிக்கலாம்தான். எதிர்க்காற்றில் கியர் உதவும், அதை இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போம்மா, காற்று திரும்பும்போது மிதிக்காமலே வீடு வந்துவிடலாம் என்கிறேன்.

"நான் திரும்பி வர்றப்பத்தான மாமா எதிர்க்காத்து," என்கிறாள்.